கதையில் பெயர் வைப்பது யார்?

(கடமலைக்குண்டில் இளைஞர்களுக்கான சிறுகதைப் பயிற்சி நாளில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமின்மையால் விட்டுப்போன சில விவரங்கள் சேர்க்கப்பட்டுள்ளன.)



காலையிலிருந்து கதையின் தொடக்கம், முடிவு, வட்டார வழக்கு என்று நிறையப் பேசிவிட்டோம். எனக்குக் கொடுத்த தலைப்பு சின்னது. கதாபாத்திரங்களுக்குப் பெயர் வைப்பது. இதில் பேச என்ன இருக்கிறது, வாய்க்கு வந்த பெயரை வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றலாம். என் முதல் கதையை என் அப்பா படிக்கும் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது எனக்கு 22 வயது. நம் பக்கத்து இலவந்தோப்பு ஒன்றில் காவலுக்கு இருக்கும் ஒரு கிழவரைப் பற்றி எழுதியிருந்தேன். காய் பறிக்கிற காலத்தில் தோப்பிலேயே படுத்துக் கிடப்பார், பஞ்சு விலை ஏறினாலும் இறங்கினாலும் அவர் கூலி மட்டும் அப்படியே இருக்கும். அவருக்கு நான் வைத்த பெயர் மொட்டையன். என் தாத்தாவைத் தோட்டக்காரர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். படித்த நண்பர்கள் பாராட்டினார்கள். பெயரிலேயே மண்வாசனை வருகிறது என்றார் ஒருவர். எனக்கும் பெருமையாக இருந்தது.

அப்பா முழுக்கதையையும் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தார். "ஏண்டா, ஒன் தாத்தன் பேரு பெரியசாமி. தோட்டக்காரன் கூப்பிட்ட பேரத்தான் நீயும் எழுதுவியா?" என்று கேட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை.

தாத்தாவின் பெயர் பெரியசாமி என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வீட்டில் சாமி கும்பிடும்போது சொல்வார்கள். ஆனால் அதை நான் யோசித்ததே இல்லை. பிறகு அப்பா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். தோட்டக்காரரை நம் ஆட்கள் 'சாமி' என்று கூப்பிட வேண்டும். கூலியாளின் பெயரிலேயே சாமி இருந்தால் தோட்டக்காரர் எப்படி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்? "பெரியசாமி, இங்க வாடா" என்றால் அந்த வாக்கியத்தில் யார் சாமி? அதனால் பெயரையே எடுத்துவிட்டார்கள். சின்ன வயதில் முடி இறக்கியிருந்த நேரம், மொட்டையன் என்று கூப்பிட்டார்கள். அதுவே நின்றுவிட்டது. கூலிக் கணக்கு நோட்டில் மொட்டையன். ரேஷன் அட்டைக்கு மனு எழுதிக் கொடுத்தது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, அதிலும் மொட்டையன். அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தகப்பனார் பெயர் மொட்டையன். தோட்டத்தில் தொடங்கிய பெயர் சர்க்கார் தாளுக்கு வந்தது, அங்கிருந்து என் கதைக்கும் வந்துவிட்டது. கடைசிக் கையெழுத்தைப் போட்டவன் நான்.

அன்றிலிருந்து ஒரு கதையைப் படித்தால் முதலில் பெயர்களைத்தான் பார்க்கிறேன். என் முனைவர் பட்ட ஆய்வும் தமிழ் நாவல்கள் பற்றியது என்பதால் அது பழக்கமாகவே ஆகிவிட்டது.

பெயர் வைப்பதில் சாதி இருக்கிறது என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. மனுஸ்மிருதி இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. அதன் இரண்டாம் அத்தியாயத்தின்படி பார்ப்பனருக்கு மங்கலமான பெயர், சத்திரியருக்கு வலிமையைக் குறிக்கும் பெயர், வைசியருக்குச் செல்வத்தைக் குறிக்கும் பெயர், சூத்திரருக்கு இழிவைக் குறிக்கும் பெயர். அந்த நான்குக்கும் வெளியே வைக்கப்பட்டவர்களுக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழின் முதல் நாவலாகச் சொல்லப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வந்தது. அதன் தலைப்பிலேயே சாதிப்பட்டம் இருக்கிறது. அன்றைக்கு ஒரு கதாநாயகனை அடையாளம் காட்ட அது தேவைப்பட்டது. ஐம்பது ஆண்டு கழித்து, 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப்பட்டங்களைத் துறக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஈ.வெ.ராமசாமி நாயக்கர் ஈ.வெ.ராமசாமி ஆனார். பின்னால் வந்தவர்கள் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அதற்கெல்லாம் முன்பே காத்தவராயன் என்ற பெயரோடு பிறந்த ஒருவர் தன் ஆசிரியரின் பெயரை எடுத்துக்கொண்டு அயோத்திதாசர் ஆகியிருந்தார். பெயர் என்பது யாரோ கொடுத்துப் போவது மட்டும் இல்லை, நாமே எடுத்துக்கொள்ளக் கூடியது என்று இவர்கள் காட்டினார்கள்.

இதன் பலனை நாம் இன்று அனுபவிக்கிறோம். இந்தக் கூடத்தில் இருக்கும் பெயர்களை வரிசையாகச் சொன்னால் யார் என்ன சாதி என்று யாராலும் சொல்ல முடியாது. வட மாநிலத் தோழர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். இது பெரிய சாதனை.

ஆனால் நம் கதைகளுக்குள் இந்தச் சாதனை பாதிதான் நுழைந்திருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த தொடர்களையும் சினிமாக்களையும் நினைத்துப் பாருங்கள். காதலிப்பவன் கார்த்திக். அவன் அலுவலகத்தில் தரை துடைப்பவர் முனியம்மா. டாக்டர் அஞ்சலி. அவர் வீட்டுக் காவலாளி மாரி. நாயகனுக்குச் சாதி தெரியாத பெயர், வேலையாளுக்குப் பார்த்தவுடனே தெரிகிற பெயர். சாதிப்பட்டத்தை எடுத்துவிட்டோம், ஆனால் சாதியைக் கீழே இருப்பவர்களின் பெயரில் மட்டும் விட்டுவைத்திருக்கிறோம். எந்தத் தெருவில் இன்று 20 வயதுப் பெண்ணுக்கு முனியம்மா என்று பெயர்? நம் காலனியிலும் பிள்ளைகள் அபிநயாவும் சஞ்சயும்தான். கதைகளில்தான் அவர்கள் இன்னும் தாத்தா காலத்துப் பெயரோடு இருக்கிறார்கள்.

இப்போது நம் ஊர்ப் பக்கத்துக்கு வருகிறேன். தேனி மாவட்டம் தமிழுக்கு நிறையக் கதாபாத்திரங்களைக் கொடுத்திருக்கிறது. அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜாவின் '16 வயதினிலே' 1977-இல் வந்தது. சப்பாணி என்று ஊரே கூப்பிடும் ஒருவனுக்குக் கோபாலகிருஷ்ணன் என்று ஒரு பெயர் இருக்கிறது. இனி யாராவது சப்பாணி என்று கூப்பிட்டால் அறைந்துவிடு என்று மயில் சொல்லிக் கொடுக்கிறாள், அவனும் அறைகிறான். தியேட்டரில் எல்லோரும் கை தட்டிய காட்சி. ஆனால் படம் பார்த்து வந்த நாம் இன்றுவரை அந்தப் பாத்திரத்தைச் சப்பாணி என்றுதான் சொல்கிறோம். ஒட்டிய பெயரைப் பிய்த்து எடுப்பது அவ்வளவு கஷ்டம்.

அதே இயக்குநரின் 'வேதம் புதிது' 1987-இல் வந்தது. அதில் பாலுத்தேவரிடம் ஒரு பார்ப்பனச் சிறுவன், பாலு உங்கள் பெயர், தேவர் நீங்கள் படித்து வாங்கிய பட்டமா என்ற பொருளில் கேட்கிறான். நம் வட்டாரத்துக்குள்ளிருந்து வந்த ஒருவர் இந்தக் கேள்வியை வெகுமக்கள் சினிமாவில் கேட்டது சின்ன விஷயம் இல்லை. எனக்கு ஒரு ஆதங்கம் மட்டும் உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்க அக்கிரகாரத்துப் பையன் தேவைப்பட்டான். சேரிப் பையன் ஒருவன் அதே கேள்வியை அதே மனிதரிடம் கேட்டிருந்தால் படம் எப்படிப் போயிருக்கும்?

வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' வைகை அணைக்காக ஊரை இழந்த மக்களின் கதை. 2003-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நாயகர் பேயத்தேவர், மானாவாரி நிலத்தோடு மல்லுக்கட்டும் ஏழை. அவர் எவ்வளவு வறுமைப்பட்டாலும் கதை சொல்பவர் அவரைப் பேயன் என்று சொல்வதில்லை, பேயத்தேவர் என்றே சொல்கிறார். இதை ஒரே வரியில் குற்றம் சொல்லிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. பிறமலைக் கள்ளர்களைக் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் அடைத்து, கைரேகை எடுத்து, பெயரைக் காவல் நிலையப் பதிவேட்டில் எழுதி வைத்தது வெள்ளை அரசு. 1920-இல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்களைச் சுட்டுக் கொன்றது. அப்படிப்பட்ட மக்களுக்கு அந்தப் பட்டம் ஒரு காலத்தில் மானமாகவும் தெரிந்திருக்கும். ஆனால் அதே மண்ணில், அதே அணையில், பட்டம் இல்லாதவர்களும்தான் ஊரை இழந்தார்கள். ஓர் ஏழைக்குக் கதைக்குள் 'அர்' விகுதி கிடைக்கிறது, இன்னோர் ஏழைக்கு 'அன்' விகுதிதான் கிடைக்கிறது என்றால் அந்த வித்தியாசத்தை உண்டாக்கியது வறுமை இல்லை.

இதற்கு நேர் எதிர்த் திசையில் இரண்டு நாவல்களைச் சொல்கிறேன். பூமணியின் 'பிறகு' 1979-இல் வந்தது. அதன் மையத்தில் இருப்பவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி. அவருக்குப் பூமணி வைத்த பெயர் அழகிரி. எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய பெயர். அவரே எழுதிய 'வெக்கை', 'அசுரன்' படத்துக்கு அடிப்படையான நாவல், அதில் பதினைந்து வயதுப் பையனின் பெயர் சிதம்பரம். அவன் கொன்ற பெரிய மனிதருக்கு அடையாளம் வடக்கூரான். வடக்கூர்க்காரன், அவ்வளவுதான். அது இந்தப் பக்கத்து ஆட்கள் அவரைச் சொல்லும் பெயர். கூலியாளுக்கு முதலாளி பெயர் வைப்பது போல, முதலாளிக்குக் கூலியாட்களும் முதுகுக்குப் பின்னால் பெயர் வைப்பார்கள். களை எடுக்கிற இடத்தில் போய் நின்று கேட்டுப் பாருங்கள், ஊரில் உள்ள ஒவ்வொரு பெரிய மனிதருக்கும் ஒரு பெயர் இருக்கும். நம் கதைகளில் அந்தப் பெயர்கள் ஏன் வருவதே இல்லை?

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யில் ஆடு மேய்க்கும் பண்ணையாள் பிள்ளைகளின் பெயர்கள் கூளையன், நெடும்பன், மொண்டி, வவுறி, செவிடி. எல்லாம் உடம்பைச் சுட்டும் பெயர்கள். பண்ணைக்காரர் மகன் பெயர் செல்வன். மனு போட்ட சட்டம் கொங்கு நாட்டு மேய்ச்சல் காட்டில் எப்படி வேலை செய்கிறது என்று அந்தப் பெயர்ப் பட்டியலே சொல்லிவிடுகிறது. அந்த நாவலில் கதை சொல்பவரும் அவனைக் கூளையன் என்றுதான் சொல்கிறார். என் அப்பா கேட்ட கேள்வியை அங்கேயும் கேட்கலாம். நான் பலமுறை கேட்டுப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்ளவும் வேறு பெயர் விடப்படவில்லை, அதைத்தான் நாவல் காட்டுகிறது என்பது இப்போதைக்கு என் பதில். என் கதையில் அப்படி இல்லை. என் தாத்தாவுக்கு வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஒரு வீடும் இருந்தது. நான் அந்த வீட்டுக்குள் போகாமல், தோப்பு வாசலிலேயே நின்று எழுதிவிட்டேன்.

'ஜெய்பீம்' படத்தை எடுத்துக்கொள்வோம். 1993-இல் கடலூர் மாவட்டத்தில் காவல் நிலையத்தில் கொல்லப்பட்ட ராசாக்கண்ணுவின் வழக்குதான் கதை. 2021-இல் படம் வந்தபோது பெரிய சர்ச்சை. உண்மையில் அந்தோணிசாமி என்றிருந்த காவல் அதிகாரிக்குப் படத்தில் குருமூர்த்தி என்று ஏன் பெயர் வைத்தீர்கள் என்று பா.ம.க. கேட்டது. பெயர் அரசியலுக்குள் பிரச்சினையைச் சுருக்க வேண்டாம் என்று சூர்யா பதில் எழுதினார். வாரக்கணக்கில் தமிழ்நாடே ஒரு வில்லனின் பெயரைப் பற்றிப் பேசியது.

நான் சொல்ல வருவது வேறொரு பெயர். படத்தில் ராசாக்கண்ணு, ராசாக்கண்ணுவாகவே இருக்கிறார். வழக்கறிஞர் சந்துரு, சந்துருவாகவே இருக்கிறார். கணவனைத் தேடி நீதிமன்றம் வரை போன அந்தப் பெண்ணின் பெயர் பார்வதி. படத்தில் அவர் செங்கேணி. உயிரோடு இருப்பவரின் தனிவாழ்க்கையை மதித்து மாற்றினார்கள் என்று சொல்லலாம், குறவர் சமூகத்தை இருளர் சமூகமாக மாற்றியதால் பெயரும் மாறியது என்று சொல்லலாம். எப்படியானாலும் நடந்தது இதுதான்: பார்வதி என்பது எந்தச் சாதிப் பெண்ணுக்கும் இருக்கக்கூடிய பெயர். அதை எடுத்துவிட்டு, கேட்டவுடன் இவர் பழங்குடி என்று தெரியும் பெயரை வைத்தோம். அதுதான் நமக்கு 'இயல்பாக' இருந்தது. அந்தோணிசாமி ஏன் குருமூர்த்தி ஆனார் என்று கேட்கக் கட்சி இருந்தது. பார்வதி ஏன் செங்கேணி ஆனார் என்று எத்தனை பேர் கேட்டோம்? அந்தப் படத்தைக் கொண்டாடியவர்களில் நானும் ஒருவன். நானும் கேட்கவில்லை.

அப்படியென்றால் எல்லாப் பாத்திரத்துக்கும் இளங்கோ, கயல்விழி என்று சாதி தெரியாத பெயர் வைத்துவிட்டால் போதுமா? போதாது. கோகுல்ராஜ், 2015. சங்கர், 2016. கவின் செல்வகணேஷ், 2025. இந்தப் பெயர்களில் எதிலாவது சாதி இருக்கிறதா? கொலை செய்தவர்கள் பெயரைக் கேட்டு விட்டுவிடவில்லை. எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா யார் என்று போய்க்கொண்டே இருந்தார்கள். தர்மபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்ட பெருமாள்முருகனின் 'பூக்குழி'யில் குமரேசன், சரோஜா என்று சாதாரணப் பெயர்கள். சாதிப் பெயரே நாவலில் வராது. ஆனால் ஊர் முழுக்க அந்தப் பெண்ணைச் சுற்றி வந்து அவள் சாதியைத் துருவிக்கொண்டே இருக்கும். பெயரில் சாதி இல்லாதபோது சமூகம் என்ன செய்யும் என்று அந்த நாவல் காட்டுகிறது. சாதி தெரியாத பெயரை வைத்துவிட்டு அந்தத் துருவலை எழுதாமல் விட்டால், நாம் சாதியை ஒழிக்கவில்லை, கதையிலிருந்து ஒளித்து வைத்திருக்கிறோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இழிவாகத் தோன்றும் பெயர் எல்லாம் மேலேயிருந்து வந்தது இல்லை. 'குப்பனும் சுப்பனும்' என்று நம் மொழியில் ஒன்றுமில்லாதவர்களைச் சொல்கிறோம். குப்பன், குப்பம்மாள் என்ற பெயர்கள் எப்படி வந்தன என்று உங்கள் அப்பத்தாக்களிடம் கேளுங்கள். அடுத்தடுத்துப் பிள்ளைகள் செத்துப்போன வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, குப்பை என்று பெயர் வைப்பார்கள். எமனுக்கு வேண்டாத பிள்ளையாக இருக்கட்டும், பிழைத்துக் கிடக்கட்டும் என்று. பிச்சை என்ற பெயரும் அப்படித்தான். ஒரு தாய் பயத்திலும் ஆசையிலும் வைத்த பெயரை வசவாக்கியது ஊர். அந்தப் பெயரை நீங்கள் கதையில் வைத்தால், அந்தத் தாயும் கதைக்குள் வரட்டும்.

பெயரை மேலே தூக்கியும் எழுதலாம். பழைய படங்களில் அடியாளுக்கு வைத்த கபாலி என்ற பெயரை 2016-இல் பா.ரஞ்சித் நாயகனுக்கு வைத்தார். மாரி செல்வராஜ் 2018-இல் 'பரியேறும் பெருமாள்' என்று வைத்தார். பரி என்றால் குதிரை. தலித் மாப்பிள்ளை குதிரையில் ஏறினால் அடி விழுகிற நாட்டில் அந்தப் பெயர் சும்மா வைத்தது இல்லை.

உங்கள் கதைகளுக்கு நான் விதி எதுவும் சொல்லப் போவதில்லை. மூன்று கேள்விகளை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெயரை இவருக்கு வைத்தது யார், தாயா, தோட்டக்காரரா, மனு எழுதிக் கொடுத்தவரா? இவரை யார் யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? கதை சொல்கிற நீங்கள் அவர்களில் யாருடைய வாயால் கூப்பிடுகிறீர்கள்?

மூன்றாவதுதான் முக்கியம். "நிஜத்தில் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள், மாற்றினால் பொய்யாகாதா?" என்று ஒரு தங்கை காலையில் கேட்டார். மாற்ற வேண்டாம். தோட்டக்காரர் மொட்டையன் என்று கூப்பிட்டால் அவர் வாயில் அதையே வையுங்கள். அவர் மகன், பள்ளிக்கூடம் போகிற பொடியன், எழுபது வயது மனிதரை அதே பெயரில் "டேய்" போட்டுக் கூப்பிடுவதையும் எழுதுங்கள். படிக்கிறவர்களுக்குக் கூசட்டும். ஆனால் 'மொட்டையன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினான்' என்று எழுதுவது நீங்கள். அந்த வாக்கியத்தில் தோட்டக்காரர் இல்லை. 'பெரியசாமி எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்' என்று எழுதிப் பாருங்கள். பெயர் மாறினால் வினைமுற்றும் மாறுகிறது, கவனித்தீர்களா? 'னான்' போய் 'னார்' வந்துவிடுகிறது. அடுத்த வரியில் தோட்டக்காரர் "டேய் மொட்டையா" என்று கத்தும்போது, இரண்டு பெயருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நீங்கள் விளக்கவே வேண்டாம்.

2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. என் அப்பாவின் சான்றிதழில் தகப்பனார் பெயர் இன்னும் மொட்டையன்தான். மாற்ற வேண்டுமானால் மனு, ஆதாரம், அலைச்சல். தாத்தாவும் இல்லை, அப்பாவும் வேண்டாம் என்றுவிட்டார்.

கதையை மட்டும் நான் திருத்தி எழுதினேன். அதிகம் மாற்றவில்லை, கதை சொல்கிற இடங்களில் எல்லாம் பெரியசாமி என்று போட்டேன். மாற்றிய பிறகுதான் கதையில் ஓட்டை தெரிந்தது. பெரியசாமிக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு மனைவி வேண்டியிருந்தது, அவள் பெயரைச் சொல்லத் தயங்கி "இந்தா" என்று கூப்பிடும் ஒரு காட்சி வேண்டியிருந்தது. மொட்டையனுக்கு இது எதுவும் தேவைப்படவில்லை. தோப்பு ஒன்று போதுமாக இருந்தது. அப்பாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அப்பத்தா பேரையும் எழுதியிருக்கலாம்ல?" என்றார்.

அதை இன்னும் எழுதவில்லை. என் அப்பத்தாவை ஊரில் எல்லோரும் 'மொட்டையன் பொண்டாட்டி' என்றுதான் சொன்னார்கள். அவர் பெயர் மாரியம்மாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் கதைகளை வாசிக்கப் போகிறோம். வாசிக்கும் முன் உங்கள் பாத்திரங்களின் பெயர்களை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

ஜெய்பீம்.